பிளக், கொயில் மாற்றியும் கார் நடுங்குது, அடுத்து எதை மாற்றுவது?

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த பாவித்த பெற்றோல் கார் வைத்திருக்கிறேன். நிற்கும்போது எஞ்சின் மிஸ் அடித்து நடுங்குகிறது, ஓடத் தொடங்கினால் சரி. பெற்றோல் அடித்த கையோடு ஸ்டார்ட் எடுப்பதும் கஷ்டம். ஸ்கான் பண்ணியதில் பி0300 என்று வந்தது. கராஜில் பிளக், கொயில் எல்லாம் மாற்றியும் குறையவில்லை. இப்போது புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: பொறுங்கள், இப்போதைக்கு வேண்டாம்.

பி0300 என்ற குறி எஞ்சின் மிஸ் அடிக்கிறது என்று மட்டும் சொல்லும், எந்தச் சிலிண்டர் என்று சொல்லாது. ஒரு கொயில் பழுதென்றால் பெரும்பாலும் பி0301, பி0302 என்று குறிப்பிட்ட சிலிண்டரைக் காட்டும். அப்போதும் கொயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி, குறியும் கூடவே மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதிது வாங்கவேண்டும். சதச் செலவில்லாத இந்தச் சோதனையைப் பலர் ஏன் செய்வதில்லையோ!

பெற்றோல் அடித்ததும் ஸ்டார்ட் எடுக்காததுதான் முக்கிய தடயம். தாங்கியில் எழும் பெற்றோல் ஆவியைக் கரிப்பெட்டி ஒன்று பிடித்து வைக்கும், பேர்ஜ் வால்வு அதை வேண்டிய நேரம் எஞ்சினுக்குள் விடும். வால்வு மூடாமல் நின்றுவிட்டால் ஆவி எந்நேரமும் உள்ளே போகும். ஸ்லோவில் எஞ்சின் இழுக்கும் காற்றுக் குறைவு என்பதால் கலவை குழம்பும், வேகத்தில் அது தெரியாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கரிப்பெட்டியில் இருந்து வரும் ஹோசைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறிஞ்சினால் வால்வு பழுது. உறிஞ்சாவிட்டால் அடுத்த சந்தேகம், உங்கள் காரில் இருந்தால், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர் வால்வு. கரி பிடித்து மூடாமல் நின்றாலும் இதே நடுக்கம்தான், பல நேரம் துப்பரவாக்கினாலே போதும்.

கொன்வேட்டர் அடைத்தால் இழுவைதான் முதலில் போகும். ஏ9 வீதியில் பஸ்ஸை முந்த ஏறி மிதிக்கும்போது தெரியும். மிஸ் அடிக்கும் எஞ்சினில் எரியாத பெற்றோல் போய்ப் போய்க் கொன்வேட்டர்தான் சூடேறிக் கெடும், காரணத்தைத் தீர்க்காமல் மாற்றினால் புதியதும் அதே வழிதான். எஞ்சின் விளக்கு மினுங்கினால் ஓடவேண்டாம். எப்போதாவது மாற்ற நேர்ந்தால் பழையதைக் கையில் வாங்குங்கள், அதற்குள் பிளாட்டினம், பலேடியம் இருக்கிறது.

ஏற்கெனவே மாற்றியவற்றுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கேளுங்கள். பேசித் தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள்.