வாசகர் கேள்வி – பதில்: போராட்டத் தடம் தேடி ஒரு குழு விளையாட்டு

கேள்வி: சென்னையின் போராட்ட வரலாற்றை நடந்தே தெரிந்துகொள்ளும்படி ஒரு குழு விளையாட்டு நடத்த ஆசை. 20 பேர் இருக்கிறோம். எங்கே தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

பதில்: மெரினா உழைப்பாளர் சிலையில் தொடங்கி, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகை வழியாக அரசு அருங்காட்சியகத்தில் முடியுங்கள். தலைகீழாகப் போகாதீர்கள். அருங்காட்சியகம் காலை 9.30-க்குத்தான் திறக்கும், அங்கிருந்து கிளம்பினால் கடற்கரையில் உச்சி வெயில்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை.

குழுவுக்கு 5 பேர் இருக்கட்டும். ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவப்பட்ட சிலையில் நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். நால்வர் அதே நிலையில் நிற்க, ஐந்தாமவர் படமெடுக்க வேண்டும். யார் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று உற்றுப் பார்க்காமல் இது வராது.

6.15 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு குழுவாக அனுப்புங்கள். எல்லாரையும் ஒன்றாக விட்டால் முன்னே போகிறவர்களைப் பார்த்தே பின்னால் வருகிறவர்கள் கேள்விச் சீட்டில் விடை எழுதுவார்கள். வேகத்துக்கு மதிப்பெண் கூடவே கூடாது. காமராசர் சாலையை ஓடிக் கடப்பார்கள்.

மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதியில்லை. கொடி, பதாகை, கோஷம் எதுவும் வேண்டாம். அடையாளத்துக்கு மணிக்கட்டில் வண்ணக் கயிறு போதும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: செல்போனில் தேடி விடை எழுதிவிடுகிறார்களே, என்ன செய்வது?
– ஆசிரியை, தாம்பரம்

பதில்: ஆண்டைக் கேட்டால் அப்படித்தான் ஆகும். ஆண்டை நீங்களே சீட்டில் அச்சிட்டுக் கொடுங்கள். 1923-ல் சிங்காரவேலர் உயர்நீதிமன்றம் எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் மே தினம் கொண்டாடினார் என்று போட்டுவிட்டு, பூங்காவிலுள்ள நினைவுச் சின்னத்தை வரையச் சொல்லலாம். ஒரு வாரம் முன்பு நீங்களே முழு வழியும் நடந்து பாருங்கள். பிரிட்டிஷ் படை அதிகாரி நீலின் சிலை இப்போது அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அந்தக் கூடம் அன்று திறந்திருக்குமா என்றும் அங்கே கேட்டுவையுங்கள்.

கடைசி இரண்டு இடங்களுக்கு நேரம் தாராளமாக வேண்டும். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்தில் இந்தியர்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்கிலிட்டவர் கர்னல் நீல். மவுண்ட் ரோட்டிலிருந்த அவர் சிலையை அகற்றக் கோரி 1927-ல் போராடிய பலர் சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலையம்மாளும் அவர்களில் ஒருவர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை சிலையை அகற்றியது. அதே அமைச்சரவைதான் 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியது. கைதிகளாக இருந்தபோதே 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் இறந்தார்கள். இரண்டையும் ஒரே சீட்டில் தந்து, ‘ஒரு கோரிக்கைக்கு இணங்கிய அரசு இன்னொன்றை ஏன் ஒடுக்கியது?’ என்று கேளுங்கள். இதற்கு மட்டும் 20 மதிப்பெண் தரலாம். எந்தப் பக்கம் பேசினாலும் சரி, சொல்லும் காரணத்தைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான மூலக்கொத்தளத்தையும் சேர்க்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: விளையாட்டில் வேண்டாம். அது மயானம், துக்கத்தோடு வருகிறவர்களுக்கு நடுவே சீட்டும் கையுமாக நிற்கக் கூடாது. இன்னொரு நாள் பூவோடு போய் வாருங்கள்.