அப்பாவின் பல்செட்டும் சிவந்த அண்ணமும்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மேலே முழு பல்செட், கீழே உலோகக் கொக்கி வைத்த பாதி செட். தினமும் பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்கிறார், வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைக்கிறார். இரவில் கழற்றுவதில்லை. ஆனாலும் வாய் நாறுகிறது. மேலண்ணம் சிவந்திருக்கிறது, வலி இல்லை என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அப்பா சோம்பல்படவில்லை. எடுத்த பொருள்தான் தவறு.

பல்செட்டின் இளஞ்சிவப்புப் பகுதி அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். இயற்கைப் பல்லின் எனாமலை விட மிகவும் மென்மையானது. பேஸ்ட்டில் இருக்கும் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் துகள்கள் எனாமலில் அழுக்கைத் தேய்த்து எடுக்கும். அக்ரிலிக்கிலோ கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். அந்தக் கீறலுக்குள் கேண்டிடா என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பல்பொடி, உப்பு, கரித்தூள் பேஸ்ட் எல்லாம் இன்னும் மோசம். வெந்நீரில் போட்டால் அக்ரிலிக் வளையும். வளைந்த செட் தளரும், தளர்ந்த செட் ஈறை உரசும்.

கழுவும் முறையை இப்படி மாற்றுங்கள். வாஷ்பேசினில் பாதி அளவு தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். உடையும் செட்களில் பல இந்த இடத்தில் கை நழுவித்தான் உடைகின்றன. சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் அலசினாலே போதும். நாளுக்கு ஒருமுறை, மென்மையான தனி பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒரு சொட்டு விட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். வெளியே தெரியும் பற்களை விட, அண்ணத்தை ஒட்டும் உட்புறத்தில்தான் அதிக கவனம் வேண்டும். பலரும் தேய்க்க மறப்பது அந்தப் பக்கத்தைத்தான். பிறகு சோப் போக நன்றாக அலசுங்கள்.

கீழ்செட்டைக் கழற்றும்போது ஒரு கொக்கியை மட்டும் நகத்தால் நெம்பினால் அது வளைந்துவிடும். இரு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். மாட்டும்போது கடித்து அழுத்தவும் கூடாது. கொக்கி பிடிக்கும் சொந்தப் பற்களில் உணவு தேங்கிச் சொத்தை விழும். ஃபுளோரைடு பேஸ்ட் அந்தப் பற்களுக்குத்தான், செட்டுக்கு இல்லை.

வெற்றிலைக் கறையோ கல் போல் படிந்த காரையோ மேல்செட்டில் இருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். போகாவிட்டால் கத்தியால் சுரண்டாமல் பல் மருத்துவரிடம் மெருகேற்றச் சொல்லுங்கள். பிளீச் வேண்டாம்: உலோகக் கொக்கியை அரிக்கும், இளஞ்சிவப்பு நிறத்தை வெளுக்கும், வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். செட்டை ஊறவைக்கும் தண்ணீரில் போடும் நுரைக்கும் மாத்திரை நல்லதுதான், ஆனால் தேய்ப்பதற்கு மாற்று அது இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவைத்து, அலசிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிடாமல், மறதி உள்ள முதியவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரவில் கழற்றுவதில் மட்டும் சமரசம் வேண்டாம். 6 முதல் 8 மணி நேரம் ஈறும் அண்ணமும் எச்சிலில் நனைந்து மூச்சுவிட வேண்டும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், செட்டோடு தூங்கிய ஜப்பானிய முதியவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கழற்றிய செட்டைச் சாதாரணத் தண்ணீரில் மூழ்க வையுங்கள், காய்ந்தால் உருமாறும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள். கழற்றியதும் நாக்கு, ஈறு, அண்ணத்தை மென்மையான பிரஷ்ஷாலோ ஈரத்துணியாலோ துடைக்க வேண்டும்.

செட்டின் எல்லைக்குள் மட்டும் வலியில்லாமல் சிவந்திருந்தால் பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்று. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். பூஞ்சை செட்டிலும் இருப்பதால் வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பி வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பூஞ்சைக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல் அதோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு வரலாம். சர்க்கரை அளவையும் ஒருமுறை பாருங்கள். உதட்டு ஓரத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

‘மேலே பல்லே இல்லை, பல் டாக்டர் எதற்கு?’ என்று அப்பா கேட்கலாம். பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், செட் அப்படியே இருக்கும். அதனால் வருடம் ஒருமுறை பொருத்தம் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் அந்த வருடக் கணக்கு செல்லாது, உடனே அழைத்துப் போங்கள்.