லட்சுமிக்கு ரூமியில் எந்த எழுத்து?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த மகளுக்கு லட்சுமி என்று பெயர். ரூமியில், அதாவது மலாய் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்தில், எப்படி எழுதுவது என்று கேட்கிறீர்கள்.

'எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ' தோட்டத்து எழுத்து, அதாவது மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் எழுதிய முறை. பார்த்ததுமே மலேசியத் தமிழ்ப்பெண், கொஞ்சம் பாட்டி காலத்துப் பெயர் என்று தோன்றும். நம் வாயில் வரும் 'லெட்சுமி'க்கு இதுவே நெருக்கம். மலாய் ஆசிரியரும் தடுமாறாமல் கூப்பிடுவார். நடுவில் 'கே-எஸ்-எச்' போட்டால் வடமொழிச் சாயல். 'எக்ஸ்' போட்டால் வட இந்தியப் பெண்ணோ என்பார்கள்.

கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? ஒலி ஒன்றுதான், ஆனால் படிவங்களில் பிழை விழுவது இங்கேதான். பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே மைகாட் (அடையாள அட்டை), கடப்பிதழ் (பாஸ்போர்ட்), எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். என் தேர்வு முதலில் சொன்ன, 'ஐ'யில் முடியும் தோட்டத்து எழுத்து. பதியப் போகும்போது பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.