தரமிறக்கம் என்றால் என்ன? தோற்கும் கால்பந்து கிளப்பை ஏன் விடாமல் ஆதரிக்கிறார்கள்?

லீக் சீசன் முடிவில் கடைசி இடங்களில் நிற்கும் அணிகளைக் கீழ்ப் பிரிவுக்கு அனுப்புவதுதான் தரமிறக்கம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள். கடைசி 3 கீழே போகும். பாளையங்கோட்டையில் ராத்திரி எட்டரைக்கு டிவி முன்னால் உட்கார்கிறவர்கள் பலர் பட்டியலின் உச்சியைத்தான் பார்ப்பார்கள். உண்மையான பதற்றம் அடியில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. மேலே இருக்கும் அணிக்கு ஒரு டிரா எரிச்சல். கீழே இருப்பவருக்கு அதே டிரா உயிர். பாளையங்கால்வாய்ப் பாசனம் மாதிரிதான். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கடைமடை வயலுக்கு அது வந்து சேர்ந்தால் அங்கே கொண்டாட்டம்தான்.

இங்கிலாந்தின் சண்டர்லாந்து கிளப்பைப் பாருங்கள். 2017-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2018-இல் இன்னொரு படி கீழே, மூன்றாம் பிரிவுக்கு. அங்கேயும் சொந்த மைதானத்துக்கு முப்பதாயிரம் பேர் வந்தார்கள்! ஜெயிக்கும் அணிக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இது புரியாது. சொந்த ஊர் அணியை யாரும் கடையில் தேர்ந்தெடுப்பதில்லை. அப்புறம் 2022-இல் ஒரு படி ஏறி, 2025-இல் மேலேறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் போட்டிகளின் இறுதியில் ஜெயித்து மறுபடி பிரீமியர் லீக்குக்கே வந்தது.

தரமிறக்கம் என்றால் கிளப்பைக் கலைத்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வருமானம் குறையும், சில வீரர்கள் விலகுவார்கள், ஆனால் அடுத்த சீசனிலேயே மேலே வரும் வாய்ப்பு உண்டு.