கொரியா வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உக்ரைன் போரை நிறுத்த வல்லுநர்கள் சொல்லும் யோசனைகளை விடாமல் படிக்கிறேன். இப்போதைய போர்முனையிலேயே கோடு போட்டு, கொரியாவில் செய்ததுபோல நிறுத்திவிடலாம் என்கிறார்கள் சிலர். உக்ரைன் நடுநிலை நாடாகட்டும் என்கிறார்கள் வேறு சிலர். எது நடக்கும்? இரண்டு தலைவர்களும் வீம்பை விட்டால் ஒரே நாளில் முடிகிற விஷயம்தானே?
கே., திருச்சி

அன்புள்ள கே.,

இவ்வளவு அக்கறையாகப் படிக்கிற நீங்கள் அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. 2022 பிப்ரவரி 24 அன்று எல்லை தாண்டிப் படை அனுப்பியது ஒருவர். அடுத்தவர் தன் மண்ணில் நின்று தடுக்கிறார். இரண்டுக்கும் வீம்பு என்று ஒரே பெயர் வைப்பது சோம்பல். உங்களுக்கு அது பொருந்தாது.

நடுநிலை யோசனையை விடுங்கள். உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்காக, அதன் எல்லையை மதிப்போம் என்று 1994-ல் புடாபெஸ்டில் ரஷ்யாவும் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதி, 2014-ல் கிரிமியாவோடு போயிற்று. அந்த மக்களிடம் இன்னொரு காகிதத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொரியாவுக்கு வருகிறேன். சில வாரங்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கொரியப் போரை நிறுத்தும் பேச்சுவார்த்தை 1951 ஜூலையில் தொடங்கியது. கோடு எங்கே என்பதில் அந்த நவம்பரிலேயே இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துப்போய்விட்டன. போர்நிறுத்தம் வந்ததோ 1953 ஜூலை 27-ல். நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். எதற்காக? முக்கியமாக, போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்காக. எல்லோரையும் திருப்பி அனுப்பு என்றது சீனாவும் வடகொரியாவும். போக விரும்பாதவனை அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. சீனக் கைதிகளில் பலர் முன்பு, கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங் கை ஷேக்கின் படையில் இருந்தவர்கள். கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வாசகங்களை உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு, வலுக்கட்டாயமாகக் குத்தப்பட்டவர்களும் உண்டு. அப்படி ஒருவன் எந்த முகத்தோடு ஊர் திரும்புவான்?

கைதிகளை வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கிருஷ்ண மேனன் முன்னெடுத்த இந்தியத் தீர்மானம் 1952 டிசம்பரில் ஐ.நா.வில் நிறைவேறியது. சோவியத்தும் சீனாவும் அதை நிராகரித்தன. மறு மார்ச்சில் ஸ்டாலின் இறந்த பிறகுதான் முடிச்சு தளர்ந்தது. அதன்பின்னும் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ ஒரே இரவில் சுமார் 27,000 கைதிகளைத் திறந்துவிட்டார். ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காக்க வந்த இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணை மிதிக்கக் கூடாது என்று அவர் அடம்பிடித்ததால், அவர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ராணுவமற்ற பகுதிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

இந்திய ஜெனரல் திம்மய்யா தலைமையில் அங்கே நடந்ததைப் பாருங்கள். ஒரு கூடாரம். உள்ளே கைதியின் சொந்த நாட்டு அதிகாரி உட்கார்ந்து, ஊருக்கு வந்துவிடு, தண்டிக்க மாட்டோம் என்று பேசுவார். பக்கத்தில் இந்தியச் சிப்பாய்கள். சில கைதிகள் காது கொடுக்காமல் கத்தித் தீர்த்தார்கள். பேச்சு முடிந்ததும் இரண்டு வாசல். ஒன்றில் போனால் வீடு, மற்றதில் போனால் வீட்டை மறக்க வேண்டியதுதான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் நம் படையோடு கப்பலேறி இந்தியா வந்தார்கள். பிறகு அவர்களில் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 'கொரியா வழி' என்று சொல்லி வரைபடத்தில் கோடு இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிழக்கு உக்ரைன் சண்டையை நிறுத்தச் செய்த 2015 மின்ஸ்க் ஒப்பந்தத்திலும் பிடிபட்டவர்கள் அனைவரையும் பரிமாறிக்கொள்வதாக ஒரு பிரிவு இருந்தது. அப்புறமும் வருஷக்கணக்கில் ஆட்கள் சிறையில் கிடந்தார்கள். ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டதாக உக்ரைன் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும் குழந்தைகள் 19,000-க்கு மேல். அதற்காகத்தான் 2023 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புடினுக்குப் பிடிவாரண்ட் பிறப்பித்தது. அன்று மூன்று வயதாக இருந்த குழந்தையைக் கூடாரத்தில் உட்காரவைத்து, எந்த வாசல் என்று கேட்பீர்களா? ரஷ்யா பிடித்த உக்ரைன் நகரமான மெலிட்டோபோலில் ரஷ்யப் பாஸ்போர்ட் இல்லாமல் அன்றாடக் காரியம் எதுவும் நடக்காது என்று நெருக்கி வாங்கவைத்தார்களே, அவர்கள் கோட்டுக்கு எந்தப் பக்கத்து ஆட்கள்?

எது நடக்கும் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது, கே. நீங்கள் படிக்கும் திட்டங்களில் ஏதாவது ஒன்றில், அந்தப் பக்கம் சிக்கியவர் இந்தப் பக்கம் வர என்ன வழி, யார் காவல், எத்தனை நாள் அவகாசம் என்று எழுதியிருந்தால் உடனே எனக்கு அனுப்புங்கள். அதை வரிக்கு வரி பேசுவோம்.