தன் கூட்டில் கிடப்பது வேற்று முட்டை என்று பறவைக்கு எப்படித் தெரிகிறது?

குயிலின் முட்டையைக் காகம் தன்னுடையது என்று நினைத்து அடைகாக்கிறதே, எல்லாப் பறவைகளும் இப்படித்தான் ஏமாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பல பறவைகள் கண்டுபிடித்து எறிந்துவிடும். ஆனால் என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பதைவிட எறியலாமா வேண்டாமா என்பதுதான் பறவைக்குப் பெரிய சிக்கல்.

நாலு முட்டையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதை எறியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1970களில் ஸ்டீபன் ராத்ஸ்டைன் வட அமெரிக்காவில் இதைச் சோதித்தார். அங்கே கேட்பேர்டு என்ற பறவையின் முட்டை புள்ளியே இல்லாத நீலப்பச்சை. அதன் கூட்டில் களவாக இடும் கௌபேர்டின் முட்டையோ வெளிறிய நிறம், மேலே பழுப்புப் புள்ளிகள். கூட்டில் வேற்று முட்டைகளே அதிகம் இருக்கும்படி மாற்றி வைத்தாலும், வெளியே போனவை அந்த வேற்று முட்டைகள்தான். ஆக, ஒற்றையாக நிற்பது எது என்று பறவை தேடுவதில்லை. தன் முட்டை எப்படி இருக்கும் என்பது அதற்கு நினைவிருக்கிறது.

அந்த நினைவில் பெரும்பங்கு பார்த்துப் பழகி வருவது. ஜப்பானில் பெரிய நாணல் குருவிகளை ஆராய்ந்தபோது, முதல் முறை முட்டையிடும் இளம் பறவைகள்தான் வேற்று முட்டையை அதிகம் ஏற்றுக்கொண்டன.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாம்பியாவில் உள்ள ஒரு கதிர்க்குருவி இனம். ஒரு பெண் குருவியின் முட்டை வெள்ளை, இன்னொன்றினுடையது நீலம், மற்றொன்றினுடையது செம்மை; மேலே புள்ளி, தீற்றல், கிறுக்கல் என்று ஆளுக்கொரு கோலம். ஒரு குருவி ஆயுசுக்கும் ஒரே கோலத்தில்தான் இடும், கையெழுத்து மாதிரி. அதன் கூட்டில் இடும் குக்கூ ஃபிஞ்ச் பறவையின் முட்டைகளிலும் பல வகை உண்டு. ஆனால் எந்தப் பறவையாலும் கூட்டுக்கு ஏற்ப முட்டையை மாற்றி இட முடியாது, பொருந்தினால் அதிர்ஷ்டம். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட், மார்ட்டின் ஸ்டீவன்ஸ் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிறத்திலும் கோலத்திலும் வேறுபாடு கூடக் கூட, முட்டை வெளியே போகும் வாய்ப்பும் கூடுகிறது. பறவைகளுக்குப் புறஊதா ஒளியும் தெரியும் என்பதால், நமக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு முட்டைகள் அவற்றுக்கும் அப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. உடனே எறிய வேண்டியதுதானே? சின்ன அலகால் பெரிய முட்டையைக் கவ்வ முடியாது. குத்தி உடைக்கலாமென்றால், ஐரோப்பாவில் இப்படிக் களவாக முட்டையிடும் குக்கூ குயில், கௌபேர்டு ஆகியவற்றின் முட்டை ஓடு தடிமன்; அலகு வழுக்கிப் பக்கத்து முட்டை உடைந்துபோகலாம். தவறிப்போய்ச் சொந்த முட்டையையே எறிவதும் நடக்கிறது. மஞ்சள் வார்ப்ளர் என்ற குருவி இந்த வம்பே வேண்டாமென்று, சில சமயம் தன் முட்டைகளையும் சேர்த்து மூடி அதன் மேலேயே புதுக்கூடு கட்டிவிடும்!

அதனால் பறவை சூழ்நிலையையும் பார்க்கிறது. இங்கிலாந்தில் நாணல் குருவியின் கூட்டருகே பாடம் செய்த குக்கூ குயிலை வைத்துக் காட்டியபோது, அந்த நாணல் குருவி வேற்று முட்டையை ஒதுக்குவது அதிகரித்தது.

உங்கள் காகத்துக்கு வருகிறேன். குயிலின் முட்டை சிறியது, ஆனால் நிறமும் புள்ளிகளும் காக முட்டையை ஒத்தவை. அப்புறம், ஐரோப்பாவின் குக்கூ குஞ்சு மற்ற முட்டைகளையெல்லாம் முதுகால் தள்ளி வெளியேற்றிவிடும். காகக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காகத்தின் சொந்தக் குஞ்சுகளும் சில பிழைக்கின்றன. நஷ்டம் குறைவு என்பதால், கறாராக இருக்க வேண்டிய நெருக்கடியும் அதற்குக் குறைவு என்பது என் கணிப்பு.