அஞ்சு பாராவும் ஒரு வெண்பாவும்

கேள்வி: சார், நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கிறேன். ஸ்கூல்ல முன்னுரை ஒரு பாரா, மூணு பாயின்ட்டுக்கு மூணு பாரா, முடிவுரை ஒரு பாரான்னு எழுதியே நல்ல மார்க் வாங்கிட்டேன். இங்க புரொபசர் அந்த ஃபார்முலாவை விடுங்கறார். விட்டா ஒரு வரி கூட ஓட மாட்டேங்குது. வெண்பாவுக்குக் கூடத்தான் இலக்கணம் இருக்கு, அதனால கவிதை கெட்டா போச்சு?

பதில்: கடைசி வரியில மடக்கிட்டீங்கம்மா, அதையே முதல்ல எடுத்துக்கறேன். வெண்பா இலக்கணம் ஓசையைத்தான் கட்டும், தளை தட்டக்கூடாது (ஒரு சீரும் அடுத்த சீரும் ஓசையில சேரணும்), கடைசி சீர் நாள், மலர், காசு, பிறப்புங்கற நாலு ஓசை வாய்பாட்டுல ஒண்ணா முடியணும், ஆனா உள்ள எத்தனை காரணம் சொல்லப்போறீங்கன்னு அது கேக்கவே கேக்காது. திருக்குறளும் வெண்பாதான், 1330 குறளுமே ஏழு சீர்தான், ஆனா ஒண்ணு கேள்வி கேக்கும், ஒண்ணு கிண்டலடிக்கும், ஒண்ணு வெறும் உவமையோட நின்னுடும். உங்க ஃபார்முலா ஓசையை விட்டுட்டு யோசனையைக் கட்டிப் போடுது. உருப்படியா ரெண்டு காரணம்தான் இருக்குன்னு வைங்க, மூணாவதை எங்கிருந்தாவது இழுத்துட்டு வந்து ஒட்டுவீங்க, அஞ்சு இருந்தா ரெண்டு குப்பைக்குப் போகும்.

அரை மணி நேரப் பரீட்சைக்கு அது போதும், ஒரு பாராவுக்கு ஒரு விஷயம்ங்கற பழக்கமும் வரும் (நானும் அப்படித்தான் பாஸானேன்).

வீட்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. உங்க பழைய கட்டுரை ஒண்ணை எடுத்து ரெண்டாவது பாராவையும் நாலாவதையும் இடம் மாத்திப் படிங்க. ஒண்ணுமே கெடலைன்னா நீங்க எழுதினது லிஸ்ட். அதுல எல்லா பாராவும் "மேலும்", "அதுமட்டுமின்றி"ன்னுதான் ஆரம்பிச்சிருக்கும், "ஆனா", "அப்படின்னா"ன்னு ஒண்ணு கூட இருக்காது, ஏன்னா முன்னாடி சொன்னதைப் பின்னாடி வர்றது அசைக்கவே இல்ல.

வரி ஓடலைன்னா முன்னுரையைக் கடைசிக்குத் தள்ளுங்க, உங்களுக்கே முடிவு தெரியாத இடத்துல ஆரம்பிங்க. மோன்டெய்ன்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் 1580-ல தன் கட்டுரைகளுக்கு எஸ்ஸேன்னு பேர் வச்சாரே, பிரெஞ்சுல அதுக்கு முயற்சி, சோதிச்சுப் பாக்கறதுன்னுதான் அர்த்தம், மனுஷன் 1592-ல சாகற வரைக்கும் எழுதினதுக்குள்ளேயே புதுசு புதுசா சேர்த்துக்கிட்டே இருந்தார்.

ஃபார்முலா இல்லாம வரி ஓடலைங்கறீங்க, ஆனா இந்தக் கேள்வி ஓடியிருக்கே? புரொபசர் சொன்னதுல சந்தேகம் வந்தது, வெண்பாவை எடுத்து நீட்டிட்டீங்க. அது உங்க அஞ்சுல எந்த பாராம்மா?